மண் படாத கருவாடு

ஷார்ஜா
3 ஜூலை 2025

அபினா அக்காவுக்கு,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் மின்னஞ்சல். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

கம்பெனியில் என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. புதுப்பிக்கிறேனா இல்லையா என்று ஆகஸ்ட் 31க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. ஸ்மிதாவும் பிள்ளையும் அங்கே அவள் அம்மா வீட்டில், நான் இங்கே கிடங்கில். பிள்ளைக்கு நாலு வயது. என்னை போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்றுதான் நினைக்கிறாள். வந்தால் பிழைக்க எனக்குத் தெரிந்தது நம் கடை ஒன்றுதான். இரண்டு வருடம் நன்றாக ஓடிய ஆன்லைன் கடை, அறுநூறு பேர் திரும்பத் திரும்ப வாங்கிய கடை, ஒரே மாதத்தில் எப்படிப் படுத்தது என்று தெரியாமல் வேலையை விட எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கண்டெய்னர் கெட்டுப்போனால், மேலாளர் அனில்குமார் சார் எல்லோரையும் உட்காரவைத்து, யார் செய்தது என்று கேட்கமாட்டார். "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரியும், தெரிந்ததை வைத்து என்ன செய்தாய்" என்றுதான் கேட்பார். இப்போது தெரிந்ததை வைத்து அப்போது நடந்ததைப் பேசக் கூடாது என்பார். நாமும் அப்படிச் செய்வோம். ஒரு கடிதத்தில் அப்போது எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுதுவோம்.

நானே தொடங்குகிறேன். நாம் விற்றது "மண் படாத கருவாடு". கடற்கரை மணலில் போடாமல், மூங்கில் தட்டியில் வலை விரித்துக் காயவைத்த நெத்தோலி. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சென்னையிலும் கோவையிலும் வாங்கினார்கள். பொங்கல் சலுகையில் வந்த ஆர்டருக்கு, நமக்கு உலர்த்தித் தரும் ஜெபகுமாரி மைனி அவசரத்தில் மணலில் காயப்போட்டாள். நீ அதைப் பார்க்காமல் பொதிந்து அனுப்பினாய். பாக்கெட்டைப் பிரித்தவர்கள் பல்லில் மண் கடிபட்டது. அடிப்படைக் காரணம், உற்பத்தி இடத்தில் கண்காணிப்பு இல்லாதது.

உன் பக்கத்தை எழுது.

ஜெனோ


9 ஜூலை 2025

ஏலே ஜெனோ,

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, அடுத்த வீட்டுக்காரி பாவத்தையெல்லாம் சொல்லிவிட்டு வருகிறவளைப் பார்த்திருக்கிறாயா? உன் கடிதம் அப்படித்தான் இருக்கிறது. "நானே தொடங்குகிறேன்" என்று தொடங்கி ஜெபகுமாரி மைனியில் முடிக்கிறாய். நடுவில் எனக்கும் ஒரு கொட்டு. உன் பெயர் எங்கே என்று மூன்று முறை தேடிப் படித்தேன். கடைசியில் கையெழுத்தில்தான் இருந்தது.

உற்பத்தி இடத்தில் கண்காணிப்பு இல்லையாம். உற்பத்தி இடம் என்றால் எது மக்கா? நம் அப்பா வீட்டுப் பின்பக்கமா, மைனி வீட்டு முற்றமா? அண்ணி முறை சொல்லி மைனி என்று நாம் கூப்பிடுகிற அவள் நம் தெருவில் மூன்றாவது வீடு. நீ சின்னப் பையனாக இருக்கும்போது உன்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கழுவி, உப்பு போட்டு, தட்டியில் பரப்பி, காக்காய் விரட்டி, மழைத் தூறல் விழுந்தால் அள்ளிக்கொண்டு ஓடியவள் அவள். கடைப் பக்கத்தில் நீ போட்ட போட்டோவில் எல்லாம் தெரிகிற கை அவளுடைய கை. முகப்புப் படத்தில் இருக்கிற முகம் அவளுடையது. அதை மறந்துவிட்டுப் பேசாதே.

நான் இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலை ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் திரும்பி வர ராத்திரி ஆகிவிடும். உனக்கு உட்கார்ந்து ஆராய நேரம் இருக்கிறது, எனக்கு நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. அதனால் ஒரு விதியைச் சேர்த்துவிட்டுத்தான் நான் எழுதுவேன். அவரவர் எடுத்த முடிவை மட்டும் அவரவர் எழுத வேண்டும். அடுத்தவர் முடிவை எழுதக் கூடாது. சரி என்றால் உன்னுடையதை முதலில் எழுது. பொங்கல் சலுகை யார் மண்டையில் உதித்தது?

அபினா


14 ஜூலை 2025

அக்கா,

உன் விதி சரி. நீ குத்திப் பேசியது சரியில்லை. நான் நல்லதற்குத்தான் கேட்டேன்.

பொங்கல் சலுகை என் முடிவு. காணும் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேரும் என்று விளம்பரம் போட்டது நான். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவு: டிசம்பரில் விற்பனை சுமார். சென்னையில் இரண்டு கடைகள் சலுகை போட்டிருந்தார்கள். நம்மிடம் வாங்கி நிறுத்திய நூறு பேரைத் திரும்ப இழுக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டும். உன்னிடம் தொண்ணூறு பாக்கெட் இருப்பு இருந்தது. இன்னும் ஐம்பது அறுபது வரும், மைனி ஒரு வாரத்தில் காயவைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஜனவரி 9 அன்று தொடங்கினேன். 12 அன்று மூடும்போது முந்நூற்று நாற்பது வந்துவிட்டது.

அந்தத் தேதியில் நம் ஊர்த் திருவிழா வருகிறது என்பது எனக்கு மறந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆறு வருடமாக நான் திருவிழாவுக்கு வரவில்லை. கொடியேறிவிட்டால் பத்து நாளும் கடற்கரையில் பந்தல்தான் இருக்கும், தட்டி போட இடம் கிடைக்காது, மீன்பிடிக்கப் பாதி வள்ளம்கூடக் கடலில் இறங்காது, கடைசி மூன்று நாள் ஒன்றுமே இறங்காது என்பதெல்லாம் இங்கே ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஞாபகம் வராது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். இது தெரியாமல் நடந்த தவறு.

என் பங்கு முடிந்தது. இனி உன்னுடையது.

ஜெனோ


22 ஜூலை 2025

ஜெனோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரி வீட்டில் உன் அத்தான் டிஜோவிடம் சொன்னேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டே, "அவன் மறந்தான்னா விட்டுரு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவனுக்கு என்ன தெரியும்" என்றார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை மாலை. கொடியேற்றத்தை ஊர் பையன்கள் யூட்யூபில் நேரலையாகப் போட்டார்கள். அதன் கீழே யார் யார் என்ன எழுதினார்கள் என்பது இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடினேன். ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒருவன் எழுதியிருக்கிறான்: "கொடி அழகா ஏறிச்சு. ஷார்ஜாவுல இருந்து ஜெனோ. எல்லாருக்கும் திருவிழா வாழ்த்துகள்." பக்கத்தில் கைகூப்பிய பொம்மை வேறு.

பத்தாம் தேதி மாலை உனக்குத் தெரியும். சலுகையை மூடியது பன்னிரண்டாம் தேதி. நடுவில் இரண்டு நாள் இருந்தது. கேட்கிறேன், அந்த இரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?

நீ மறந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறந்த ஆளிடம் யாருக்கும் கோபம் நிற்காது. மறந்தேன் என்று எழுதி அனுப்புகிற ஆளிடம்தான் நிற்கிறது. இந்த விளையாட்டை ஆரம்பித்தவன் நீ. எனக்கும் எழுத இருக்கிறது, எழுதுவேன், ஆனால் நீ இப்படிப் பூசி மெழுகினால் நானும் மெழுகத்தான் செய்வேன். அது எனக்கு உன்னைவிட நன்றாக வரும்.

வேலைக்குப் போகும்போது வடசேரி பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிறேன். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன்.

அபினா


25 ஜூலை 2025

அக்கா,

மூன்று நாளாக உனக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசித்தேன். நான் மறக்கவில்லை.

அன்று மாலை வேலை முடிந்து பஸ்ஸில் அறைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் நேரலை. அதே போனில் ஆர்டர் வரும் சத்தம். இருநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. கொடி பாதி ஏறும்போதே மனம் கணக்குப் போட்டுவிட்டது. இனி மீன் கிடைக்காது, நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆர்டரை நிறுத்தும் பொத்தானில் விரலும் வைத்தேன். அப்போது இன்னும் மூன்று ஆர்டர் விழுந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு வந்ததில்லை. இது நின்றுவிட்டால் இனி வராது என்று பயந்தேன். அக்கா எப்படியாவது சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன். எப்படி என்று யோசிக்கவே இல்லை. யோசித்தால் நிறுத்த வேண்டி வரும் என்பதால் யோசிக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கொடி அழகா ஏறிச்சு என்று எழுதினேன்.

இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. ஆனால் எழுதியபிறகு ஒன்று தெரிகிறது. ஆர்டர் குறைவாக வந்ததால் என் கடை படுக்கவில்லை. வந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாததால் படுத்தது. இது தெரிந்தது நல்லதுதான். திரும்பத் தொடங்கினால் இருப்பில் இருக்கிற பாக்கெட்டுக்கு மேல் ஒன்றுகூட எடுக்க மாட்டேன்.

அதனால் மனதில் முடிவு செய்துவிட்டேன். ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 10 அன்று அனில்குமார் சார் கையில் கொடுக்கப்போகிறேன். ஸ்மிதாவிடமும் சொல்லியாயிற்று. அவள் போனிலேயே அழுதாள். பிள்ளையை ஊரில் பள்ளிக்கூடம் சேர்க்க விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் புரியவில்லை. இரண்டு வருடம் ஒரு துளி மணல்கூடப் படாமல் தந்த மைனி அன்றைக்கு மட்டும் ஏன் மணலில் போட்டாள்? நான் அவசரப்படுத்தியதால்தானே? நீ வேறு நல்ல ஆளைப் பார்த்து வை. மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஜெனோ


4 ஆகஸ்ட் 2025

ஜெனோ மக்கா,

அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பத்தாம் தேதி கொடுக்காதே. முதலில் இதைப் படி.

மைனி மணலில் போடவில்லை.

ஜனவரி 11 காலை முந்நூறைத் தொட்டுவிட்டது என்று நீ எனக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பினாய். நான் மைனி வீட்டுக்கு ஓடினேன். அவள் முற்றத்தில் தட்டியைக் கழுவி சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள். "திருநாளுக்கு எனக்க வீட்டுல பத்துப் பேரு விருந்து. கடல்லயும் இப்பம் ஆளு இல்ல. இருவது நாள் கழிச்சி தாறேன், ஒனக்க தம்பிகிட்ட சொல்லு" என்றாள். அவ்வளவுதான். அவள் செய்தது அதுதான். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்டோபரில் ஒருமுறை மழை, தர முடியாது என்று நான் சொன்னதற்கு, "உனக்கு முடியாது என்று சொல்ல மட்டும்தான் தெரியும், அதனால்தான் நீ ஊரிலேயே கிடக்கிறாய்" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. எனக்கு அது உள்ளே தைத்துக் கிடந்தது. இந்த முறை முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்று வெறி வந்தது.

பதின்மூன்றாம் தேதி டிஜோ அத்தானைக் கூட்டிக்கொண்டு வடசேரி சந்தைக்குப் போனேன். வெளியூர் லாரியில் வந்த நெத்தோலிக் கருவாடு இரண்டு சாக்கு வாங்கினேன். எங்கே காய்ந்தது, எதில் காய்ந்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சல்லடையில் சலித்தோம். தரையில் மண் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். இன்னொரு முறை சலித்தேன். மண் விழுவது நின்றபிறகு, "எங்கள் கரையில் தட்டியில் உலர்த்தியது, மண் படாத கருவாடு" என்று அச்சடித்த வில்லையை நானே என் கையால் இருநூற்று ஐம்பது பாக்கெட்டில் ஒட்டினேன்.

கோவையிலிருந்து ஒரு அம்மா போட்டோ அனுப்பினாளே, வெள்ளைப் பாத்திரத்தில் ஊறவைத்த தண்ணீருக்கடியில் மணல் படிந்து கிடக்க. அதை எனக்கு அனுப்பி, "இது மைனி காயவச்சதுதானே?" என்று கேட்டாய். நான் "ம்" என்று போட்டேன். அந்த ஒரு எழுத்தைத்தான் போட்டேன். மறுநாள், "கவனக்குறைவாக மணலில் உலர்த்திய பணியாளரை நீக்கிவிட்டோம்" என்று நீ கடைப் பக்கத்தில் எழுதினாய். பெயர் போடவில்லை என்று நினைத்தாய். முகப்புப் படத்தில் அவள் முகம் இருக்கும்போது பெயர் எதற்கு?

ஊரில் எல்லோரும் படித்தார்கள். சந்தையில் அவள் கருவாட்டுப் பெட்டியை இறக்கினால் "மண்ணு கருவாடு வந்துட்டு" என்று கேலி பேசினார்கள். இப்போது அவள் கருவாடு போடுவதே இல்லை. பச்சை மீனை அலுமினியச் சருவத்தில் சுமந்துகொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். நான் தூணுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குப் பயந்துதான். அவள் ஏறுகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறேன். ஐந்து மாதமாக.

இதைச் சொல்லாமல் இருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய். வேறு ஆளைப் பார்த்து வைப்பேன். கடை திறக்கும். நான் வாயை மூடிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து வில்லை ஒட்டுவேன். அதைச் செய்துவிடலாம் என்றுகூட இரண்டு நாள் நினைத்தேன் ஜெனோ. நீ ஊருக்கு வருவாயே என்ற ஆசையில்.

அபினா


6 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அந்தப் பதிவை எழுதியது நான். மைனியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. கேட்கவில்லை. கேட்டால் உண்மை வேறாக இருந்துவிடுமோ என்று எங்கேயோ தெரிந்திருக்கும். குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இப்போது எழுதினால் நாளைக்கு அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டிவரும். கொஞ்ச நாள் என்னை விடு. ராஜினாமா கொடுக்கவில்லை. ஸ்மிதாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ மைனி வீட்டுக்குப் போ. நான் சொன்னதற்காகப் போகாதே. நீயாகப் போ.

ஜெனோ


18 ஆகஸ்ட் 2025

ஜெனோ,

போக எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றினால் மனமும் மாறிவிடும் என்று பயம்.

மைனி முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தட்டிகள் சுவரோரம் சிலந்தி வலை பிடித்துக் கிடந்தன. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "மைனி, அந்த மண்ணு கருவாடு ஒங்களுக்கது இல்ல. நான் வடசேரியில வாங்கினது."

"அறியும்" என்றாள். கத்தி நிற்கவில்லை.

"எப்பம் அறியும்?"

"அந்த போட்டோவ எனக்க மவ காட்டினப்பமே. அதுல கெடந்தது தல கருத்த நெத்தோலி. நான் தட்டியில ஒணக்கினா தல கருக்காது."

"பின்ன ஏன் மைனி ஒரு வார்த்தை சொல்லல்ல? ஊரே பேசிச்சே."

அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். "யாருகிட்ட ஏட்டி சொல்லுவேன்? ஒனக்க வீட்டு வாசல்ல மூணு மட்டம் வந்து நின்னேன். உள்ள ஆளு உண்டு, கதவு தொறக்கல்ல. நீங்க ஒங்க கடையில எழுதிப் போட்டிய. ஆயிரம் பேரு படிச்சாவ. எனக்கு எழுதிப் போட எடம் உண்டா?"

மூன்று முறை வந்தாள், உண்மைதான். நான் டிவியை நிறுத்திவிட்டு அடுக்களையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை உன்னிடம் போன கடிதத்தில்கூட எழுதவில்லை. எழுத முடியவில்லை.

அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அழுதது போதும். எங்க எழுதினியளோ அங்கயே எழுதுங்க. அன்னைக்குப் பேரு போடல்ல, இப்பம் போடுங்க. நான் மன்னிச்சேன்னு மட்டும் எழுதாண்டாம். அது எனக்குத் தோணும்போ நான் சொல்லிக்கிடுவேன்" என்றாள். பிறகு கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு தண்ணீர்கூடத் தரவில்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் எனக்குத் தண்ணீர் தராதது இதுதான் முதல் முறை.

நீ எழுது. நான் எழுதினால் அழுகையாக வரும்.

அபினா


20 ஆகஸ்ட் 2025

அக்கா,

இன்று மதியம் கடைப் பக்கத்தில் போட்டுவிட்டேன். நாலு முறை எழுதி, என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். மிஞ்சியது இது:

"ஜனவரியில் நாங்கள் அனுப்பிய இருநூற்று ஐம்பது பாக்கெட் எங்கள் கரையில் காய்ந்தது அல்ல. சந்தையில் வாங்கி எங்கள் வில்லையை ஒட்டி அனுப்பினோம். மீன் இல்லை என்று தெரிந்தும் ஆர்டரை நிறுத்தாதவன் ஜெனோ. வாங்கிப் பொதிந்தவள் அபினா. அந்தக் கருவாட்டுக்கும் எங்களுக்கு உலர்த்தித் தந்த திருமதி ஜெபகுமாரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முடியாது என்று முதலிலேயே சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை நீக்கியதாக நாங்கள் எழுதியது பொய்."

பழைய பதிவை அழிக்கவில்லை. அதற்கு மேலேயே இதை வைத்திருக்கிறேன். கண்டபடி திட்டி எழுதியிருக்கிறார்கள். ஒருவன் மோசடிக் கும்பல் என்கிறான். கோவை அம்மா மட்டும், ஜெபகுமாரி திரும்பக் காயவைத்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாள்.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. இப்போது நானே உன்னிடம் கேட்கிறேன். தெரிந்ததை எல்லாம் வைத்துச் சொல். நான் வரவா, வேண்டாமா?

ஜெனோ


27 ஆகஸ்ட் 2025

ஜெனோ மக்கா,

வராதே.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நேற்று ஸ்மிதா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உன் பழைய சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அப்பா எப்பம் வரும்?" என்று பெல் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நீ சொன்ன விதிப்படி இன்று தெரிந்தது இவ்வளவுதான்: கடைக்கு நல்ல பெயர் இல்லை. வாங்குகிறவர்கள் நம்பவில்லை. உலர்த்த ஆள் இல்லை. இதை நம்பி ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்க முடியாது. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடு. ஸ்மிதாவிடம் போன வாரமே நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பங்கையும் சேர்த்து. கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். நேற்று வந்தபோதுதான், "ஒரு வருசம்னா ஒரு வருசம்தான், அண்ணி" என்றாள்.

இன்னொன்று. இன்று காலை வடசேரியில் தூணுக்கு முன்னால் நின்றேன். மைனி சருவத்தோடு வந்தாள். அவள் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரப் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகு, "அந்த கோயம்புத்தூர்காரி இன்னும் கேக்காளா?" என்றாள்.

கேட்கிறாள் என்றேன்.

"வேலைக்கு வரமாட்டேன். மீனு நான் எடுப்பேன், நான் ஒணக்குவேன், வெல நான் சொல்லுவேன். இன்னைக்கு இல்லன்னு நான் சொன்னா கடையில இல்லன்னு இருக்கணும். ஒன்கிட்ட சொல்லி நீ அவன்கிட்ட சொல்லி அவன் பாத்து நிறுத்துகது இல்ல. நானே நிறுத்தணும். அதுக்கு வழி உண்டுன்னா பாக்கலாம்" என்றாள். ஜவுளிக்கடை நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

வழி உண்டா?

அபினா


13 செப்டம்பர் 2025

அக்கா,

ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்மிதா போனில் பிள்ளையைக் கொடுத்தாள். நான் அடுத்த வருடம் என்றேன். அடுத்த வருடத்துக்கு இன்னும் எத்தனை தூக்கம் என்று கேட்டாள் பிள்ளை. எண்ணிச் சொல்கிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வலிக்கத்தான் செய்கிறது.

வழி இருந்தது. எப்போதும் இருந்தது. ஆர்டரை நிறுத்தும் பொத்தானை இன்னொருவர் போனுக்குக் கொடுக்க அரை மணிநேரம் போதும், மைனி போனுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடமாக அதை என்னிடமே வைத்திருந்தேன். மீனைப் பார்க்காத ஒரே ஆளிடம் அது இருந்தது. மைனி மகள் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததாக எழுதினாய். சலுகை இல்லை, விளம்பரம் இல்லை, கடை திரும்பத் திறந்த முதல் வாரம் நாற்பத்தொரு பாக்கெட் போயிற்று. கோவை அம்மா இரண்டு வாங்கியிருக்கிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்தேன். கடை மூடியிருந்தது. வாங்க வந்து பதினேழு பேர் காத்திருந்தார்கள். இருப்பில் இருபது பாக்கெட் இருந்தது எனக்குத் தெரியும். கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது, நான் திறந்தால் திறந்துவிடும். யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை. விரல் அங்கேயே போய் நின்றது அக்கா. கொடியேற்றத்தன்று நின்ற அதே இடம். பழைய ஜெனோ எங்கும் போய்விடவில்லை. உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் மூடிய கடையின்மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். "வானம் மூடிக் கெடக்கு. இருக்க கருவாட்டையும் இன்னொரு வெயில் காட்டணும். இன்னைக்கு இல்ல. ஜெபகுமாரி."

எழுதிப் போட இடம் உண்டா என்று உன்னிடம் கேட்டாளே, அந்தக் கடையில் அவள் எழுதிய முதல் வரி இது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிடங்குக்குள் போனேன். பதினேழு பேரும் போயிருப்பார்கள். போகட்டும்.

அங்கே வானம் தெளிந்ததா என்று எழுது. அவசரம் ஒன்றும் இல்லை.

ஜெனோ